கேலரியிலிருந்து அடித்த விசில்

2024 ஜூலை 9, செவ்வாய்

ஜெனிபர் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கராத்தே வகுப்பில் யாரோ ஒருவனுடைய முழங்கை பட்டுவிட்டதாம். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

மில்லில் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுப்பது என் வேலை. தலைக்கு மேலே டன் கணக்கில் இரும்பு தொங்கிக்கொண்டு போகும். நான் அண்ணாந்து பார்த்தபடி விரலை வாயில் வைத்து விசில் அடிப்பேன். அந்த இரைச்சலில் மேலே கேபினில் இருப்பவனுக்குப் பேச்சு கேட்காது, விசில்தான் கேட்கும். நீளமாக ஒன்று அடித்தால் அப்படியே நிறுத்து என்று அர்த்தம். பாக்கியநாதன் விசில் கவரைப்பேட்டை வரைக்கும் கேட்கும் என்று கேலி செய்வார்கள். தைரியசாலி என்று வேறு பெயர். இந்தத் தைரியசாலி மகள் மூக்கில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறான்.

ஜூலை 14, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது, கராத்தே சொல்லிக்கொடுக்கும் மணவாளன் மாஸ்டரிடமிருந்து போன். அடுத்த மாதம் சென்னையில் சர்வதேச கராத்தே போட்டி. பதினெட்டு வயதுக்குக் கீழே, பெண்கள் பிரிவில் ஜெனிபரைச் சேர்த்துவிட்டார்கள். குமித்தே. அதாவது நேருக்கு நேர் சண்டை. தனியாக நின்று காற்றில் கை கால் வீசிக் காட்டுகிற கத்தா என்று ஒன்றும் இருக்கிறது, அதில் யாருக்கும் அடிபடாது. அதில் சேரம்மா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அது டான்ஸ் மாதிரி இருக்கிறது என்கிறாள்.

இலங்கை, மலேசியா, நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்களாம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மேரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். என் மனைவிக்குப் பயம் என்றால் கிலோ என்ன விலை. ஜெனிபர் அவளைக் கொண்டு பிறந்தவள்.

நான் சந்தோஷப்பட்டேனா? பட்டேன். வீட்டுப் படி ஏறும் வரைக்கும்.

ஜூலை 26, வெள்ளி

மாஸ்டரிடம் கேட்டே விட்டேன், அடி பலமாகப் பட்டால் என்ன ஆகும் என்று. அவர் சிரிக்காமல் விளக்கினார். முகத்தில் தொடலாம், ஆனால் தொட்டவுடன் கை திரும்பிவிட வேண்டும். அதற்கு கன்ட்ரோல் என்று பெயர். கன்ட்ரோல் இல்லாமல் அடித்துவிட்டால் அடித்தவள்தான் தோற்றவள். விழுந்தவள் நடுவர் பத்து எண்ணுவதற்குள் எழுந்து நிற்க வேண்டும். எழவில்லை என்றால், அடித்தவளை வெளியேற்றி விழுந்தவளே ஜெயித்தாள் என்று அறிவித்தாலும், விழுந்தவளை அந்தப் போட்டியில் மேற்கொண்டு ஆட விடமாட்டார்கள்.

"ஜெனிகிட்ட எனக்குப் புடிச்சதே அவ கன்ட்ரோல்தான் சார். முட்டைய வெச்சி குத்தச் சொன்னா ஓடு உடையாது," என்றார்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். என் பயம் இவள் அடிப்பதைப் பற்றியா? எதிரே வருகிறவளுக்குக் கன்ட்ரோல் இருக்கிறதா இல்லையா என்று யார் எனக்குச் சொல்வது? அதைக் கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

திருவள்ளூரில் ஒரு பயிற்சிப் போட்டி. மானத்தை வாங்கிவிட்டேன்.

எதிரே ஒரு உயரமான பெண். ஜெனிபரைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். என் விரல் எப்போது வாய்க்குள் போனது என்று சத்தியமாகத் தெரியாது. நீள விசில். சின்ன வயதில் கிரவுண்டில் விளையாடிக்கொண்டிருப்பவளை அந்த விசில் அடித்துத்தான் வீட்டுக்குக் கூப்பிடுவேன். பழக்கம், சட்டென்று என் பக்கம் திரும்பிவிட்டாள். திரும்பின நேரத்தில் அந்தப் பெண்ணின் கால் முதுகில் விழுந்தது. தோற்றுப்போனாள்.

பஸ் பெரியபாளையம் தாண்டியது. ஜெனிபர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்பா, இனிமே நீ விசில் அடிச்சின்னா நான் திரும்ப மாட்டேன். காதே கேக்காத மாதிரி என் ஆட்டத்த ஆடிக்கினு இருப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

மேரி என்னை மாதா படத்தின் முன்னால் நிறுத்தி, இனி அடிக்க மாட்டேன் என்று சொல்ல வைத்தாள். சொன்னேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நாளை மறுநாள் போட்டி. வேலையில் கவனம் இல்லை என்று சூப்பர்வைசர் திட்டினார். அவர் திட்டியது சரிதான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அந்தப் பெண்ணுக்கு இன்னும் நினைவு வரவில்லை. ஆண்டவரே. என்னால் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

லீவு போட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்லும் தைரியம் இல்லை.

பெரிய அரங்கம். மேட் என்கிற சண்டை விரிப்பு நான்கைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள், ஒரே நேரத்தில் நான்கு சண்டை. மூன்றாவது மேட்டில் நேரம் முடிந்ததும் அடிக்க வேண்டிய பஸ்ஸர் காலையிலேயே ரிப்பேர். அதனால் மேசையில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு விசிலை வாங்கி வைத்துக்கொண்டு, நேரம் முடிந்தால் அதை ஊதினாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் நினைக்கவில்லை.

முதலில் ஒரு நேபாளத்துப் பெண், அடுத்து ஒரு மலேசியப் பெண். ஜெனிபர் இரண்டு பேரையும் ஜெயித்தாள். மேரிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்விட்டது. நான் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

அரையிறுதி மூன்றாவது மேட்டில். ஜெனிபருக்குச் சிவப்பு பெல்ட், எதிரே நீல பெல்ட்டில் நந்தினி என்று ஒரு பெண். எந்த நாடு என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன், சூளூர்ப்பேட்டை என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்தையே கூட்டி வைத்துவிட்டு, எங்கள் ரயில் லைனின் கடைசி ஸ்டேஷன் பெண்ணோடு மோத விடுகிறார்கள். எனக்கு முன்வரிசையில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்க சார், மறைக்குது என்று பின்னால் இருந்தவர்கள் சொன்னது அவர் காதில் விழவேயில்லை. அவர்தான் அந்தப் பெண்ணின் அப்பா என்று அப்போது எனக்குத் தெரியாது.

நந்தினி நல்ல ஆட்டக்காரி. ஜெனிபரை மேட்டின் ஓரத்துக்குக் கொண்டு வந்துவிட்டாள். ஜெனியின் குதிகால் கோட்டைத் தொட்டது. நந்தினியின் வலது கால் ஜெனியின் தலையைப் பார்த்து மேலே எழும்பியது. அந்தக் கால் மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. வேற எதுவும் தெரியல. அடிச்சிட்டேன். விசில் அடிச்சிட்டேன்.

ஜெனிபர் திரும்பவில்லை. சொன்னபடியே திரும்பவில்லை. திரும்பியது நந்தினி. நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலைக் கீழே வைத்து, கையை இறக்கிவிட்டு, மேசைப் பக்கம் பார்த்தாள். ஜெனியின் குத்து அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. எதிரே கை இருக்கும், ஆள் பின்னால் நகர்வாள் என்று கணக்குப் போட்ட குத்து. தாடையில் பட்டது. அந்தப் பெண் கையைக்கூட ஊன்றாமல் விழுந்தாள். தலை மோதிய சத்தம் கேலரிக்குக் கேட்டது.

நடுவர் எண்ணினார். பத்து வரைக்கும் எண்ணினார். அசையவில்லை. டாக்டர் ஓடினார், ஸ்ட்ரெச்சர் வந்தது. கட்டம் போட்ட சட்டைக்காரர் நாற்காலிகளை மிதித்துக்கொண்டு கீழே ஓடினார்.

அளவுக்கு மீறி அடித்தாள் என்று ஜெனிபரை வெளியேற்றினார்கள். அவள் நடுவரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து கேலரியை, என்னைப் பார்த்தாள்.

சாயந்திரம் பதக்கம் கொடுத்தார்கள். அரையிறுதியில் தோற்ற இரண்டு பேருக்கும் வெண்கலம். மாஸ்டர் வற்புறுத்தியதால் ஜெனிபர் போய் நின்றாள். வெள்ளிக்கான படியில் யாரும் இல்லை. இறுதிக்குப் போயும் ஆட முடியாத நந்தினியின் பெயரை மட்டும் மைக்கில் சொன்னார்கள். கை தட்டினார்கள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மில்லில் டீ நேரத்தில் கிரேன் ஓட்டும் ராபின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி மறுபடி போட்டுக் கேட்டான். "அண்ணே, இன்னாண்ணே இது, உன் விசில் மாதிரியே கீது," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அரங்கத்தில் ஆயிரம் பேர் விசில் அடிப்பார்கள் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. தினமும் அந்த விசிலை நம்பித்தான் அவன் இரும்பை இறக்குகிறான், அவனுக்கா தெரியாது?

மாஸ்டர் வந்திருந்தார். பெண்ணின் தலையில் வீக்கமாம், மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்களாம். கமிட்டி வீடியோவைப் பார்க்கப் போகிறதாம், ஜெனிபரை ஒரு வருடம் ஆட விடாமல் நிறுத்தலாமாம். எதிராளி நின்றுவிட்டதைப் பார்த்தும் அடித்தாள் என்று பேசிக்கொள்கிறார்களாம். ஜெனிபர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீதான்னு எனக்குத் தெரியும்பா. யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத. அந்தப் பொண்ணு கண்ணு தொறக்கட்டும், அது போதும் எனக்கு."

எனக்கு அந்த நிமிஷம் அப்பாடா என்றுதான் இருந்தது. அதற்கப்புறம்தான் என் மேலேயே அருவருப்பு வந்தது. பதினாறு வயசுப் பொண்ணு எனக்காகப் பழியைச் சுமக்கறா, நான் அப்பாடான்னு உக்காந்துகினு கீறேன்.

போலீஸ் வந்தால் என்ன செய்வது? அந்தப் பெண் எழுந்திருக்கவே இல்லை என்றால்?

ஆகஸ்ட் 28, புதன்

சென்னைக்குப் போனேன். மேரியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். தடுப்பாள் என்று நினைத்தேன், பிளாஸ்க்கில் காபி ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஐசியு வாசலில் அதே கட்டம் போட்ட சட்டையோடு அவர் உட்கார்ந்திருந்தார். பெயர் ஆதிநாராயணன். தடா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. தெலுங்குக்காரர், நம் தமிழ் நன்றாகப் பேசுகிறார். ஜெனிபருடைய அப்பா என்றேன். நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். பாப்பா மேல் தப்பில்லை, ஆட்டம் என்றால் அடி படும்தான், அது மனசு உடைந்து போயிருக்கும், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்! ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. கால் எழவில்லை, அதனால் சொன்னேன். விசில் அடித்தது நான் என்று சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஐசியு கதவைப் பார்த்தபடியே இருந்தார்.

"பாப்பா கைய எறக்குனத நான் பாத்தேன் சார். தேவுடா, ஏன் எறக்கிச்சி, ஏன் எறக்கிச்சின்னு அதையே யோசிச்சிக்கினு கீறேன்," என்றார். அப்புறம், "நீங்க போயிடுங்க சார். நான் இங்கேருந்து எழுந்தா இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

வந்துவிட்டேன். பிளாஸ்க்கை அங்கேயே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வேளாங்கண்ணியில் இன்று கொடியேற்றம். மேரி டிவி முன்னால் முழங்காலில் நின்றபடி அழுதுகொண்டே ஜெபமாலை சொன்னாள். இவள் பயந்து இன்றுதான் பார்க்கிறேன்.

மாஸ்டர் போன் வந்தபோது நான் மில் ஷெட்டில் இருந்தேன். கண்ணைத் திறந்துவிட்டாள். "நைனா" என்று அவள் அப்பாவைக் கூப்பிட்டாளாம். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கமிட்டி முன்னால் போய்ச் சொல்லிவிட்டேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வீடியோவை என் முன்னாலேயே போட்டார்கள். என் விசிலைக் கேட்டு நானே காதைப் பொத்திக்கொண்டேன். ஜெனிபருக்கு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள், வெண்கலமும் அவளுக்கே. எனக்குத்தான் தண்டனை. நான் எந்தப் போட்டி அரங்கத்துக்குள்ளும் ஒரு வருடத்துக்குக் காலெடுத்து வைக்கக் கூடாது. கராத்தேயில் ஒரு குத்துகூடக் குத்தத் தெரியாதவனுக்குத் தடை. அவர்கள் அதைப் படித்தபோது மாஸ்டர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

நந்தினியை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். நடப்பது, பேசுவது எல்லாம் சரியாக இருக்கிறதாம். போட்டி நடந்த அன்றைக்குக் காலையில் இட்லி சாப்பிட்டது வரைக்கும்தான் ஞாபகமாம்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஜெனிபர் வகுப்புக்குப் போவதில்லை. போன வாரம் மாஸ்டர் வற்புறுத்தி ஒரு நாள் கூட்டிப் போனார், நானும் வாசலில் நின்று பார்த்தேன். அவர் கையில் மெத்தை மாதிரி ஒரு பேட் வைத்துக் குத்தச் சொன்னார். குத்து கிளம்புகிறது, ஒரு சாண் தூரத்தில் நின்றுவிடுகிறது. மறுபடி மறுபடி அதே இடத்தில் நிற்கிறது. "தொட மாட்டேங்குது மாஸ்டர்," என்று சொல்லிவிட்டு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இவள் இதை விட்டுவிட வேண்டும் என்று எத்தனை பூசையில் வேண்டியிருப்பேன். விட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். தெருவில் நாய் குரைத்தால் திடுக்கிடுகிறாள். எனக்கு இருந்த பயமெல்லாம் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கும் குறையவில்லை.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். பிரியாணி செய்தோம். ஜெனிபர் சாப்பிட்டேன் என்று சொன்னாள்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

தெரியாத நம்பரிலிருந்து போன். ஆதிநாராயணன்.

பொங்கல் நன்றாக ஆனதா என்று கேட்டார். பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டார் என்பது போலச் சுற்றி வளைத்துப் பேசினார். பிறகுதான் விஷயம் வந்தது. டாக்டர் இன்னும் சில மாதத்தில் மெல்ல ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். நந்தினி மறுபடி கராத்தேவுக்குப் போயே தீருவேன் என்று நிற்கிறாளாம். அவள் அம்மா சரி என்கிறாளாம். இவருக்குத்தான் ராத்தூக்கம் போய்விட்டது.

"உங்க பாப்பா போவுதா சார்?"

இல்லை, விட்டுவிட்டாள் என்றேன்.

"போயிக்கினு இருந்தப்போ உங்களுக்கு பயமா இருக்காதா?"

"பயம் இல்லாம ஒரு நாள்கூட அனுப்புனது கெடையாது சார்," என்றேன். "அந்த பயத்துலதான உங்க பொண்ண அப்பிடிப் பண்ணிட்டேன்."

"தெரியும்," என்றார். "எனக்கு இத வேற யார்கிட்ட கேக்கறதுன்னு தெரில சார். எல்லாரும் தைரியமா இரு, தைரியமா இருன்றாங்க. பேஜாரா கீது."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்து யாரோ போனைப் பிடுங்குவது கேட்டது. நந்தினி. ஜெனிபரிடம் கொடுங்கள் என்றாள். என் மகள் போனை இரண்டு கையாலும் வாங்கினாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் அழுகை கேட்டது. அப்புறம் நெடுநேரம் கழித்து, என்ன சொன்னாளோ அந்தப் பெண், சிரிப்பு கேட்டது.

ஜனவரி 20, திங்கள்

ஜெனிபர் பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அவளாகவே. எனக்கு மறுபடி பயம் ஆரம்பித்துவிட்டது. ஸ்தோத்திரம்.

ஜூன் 15, ஞாயிறு

தடாவில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. தமிழ்நாடு, ஆந்திரா இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஜெனிபரும் மேரியும் உள்ளே போனார்கள். எனக்குத்தான் தடை இருக்கிறதே, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். தடை இல்லாவிட்டாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

உள்ளே கை தட்டல் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆதிநாராயணன் வெளியே வந்தார். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். மெலிந்துவிட்டார். நான் எழப் போனேன், வேண்டாம் என்று கை காட்டிவிட்டு அதே படியில் உட்கார்ந்தார்.

"உள்ள உக்கார முடில சார்," என்றார்.

வெயிலைப் பற்றிப் பேசினோம். ரயில் நேரத்தைப் பற்றிப் பேசினோம். நந்தினிக்கு டாக்டர் முழுதாகச் சரி என்று எழுதிக் கொடுத்தது, ஜெனிபரின் கை மறுபடி தொட்டுத் திரும்பக் கற்றுக்கொண்டது எல்லாம் பேசினோம். இருவர் காதும் மண்டபத்துக்குள்தான் இருந்தன.

மைக்கில் அடுத்த ஆட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டார்கள். சிவப்பு, ஜெனிபர். நீலம், நந்தினி.

ஆதிநாராயணன் முகம் வெளுத்துவிட்டது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இப்போ யாருக்கு பயப்படறது சார்?"

"ரெண்டு பேருக்கும்தான்," என்றேன்.

அவர் தலையாட்டினார். உள்ளே நடுவர் ஆரம்பிக்கச் சொல்லும் குரல் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம்.